டிஸ்க் விலகிருச்சுன்னு படுத்துக்காதீங்க!

அந்தியூர்ல ஒருத்தர் இடுப்பைப் புடிச்சுட்டு நின்னாப் போதும், "ஈரோடு போயி ஸ்கேன் எடுத்துருங்க"ன்னு பத்துப் பேரு கிளம்பி வந்துர்றாங்க. ரிப்போர்ட்ல 'டிஸ்க் பிதுக்கம்'னு ஒரு வரி. அவ்வளவுதான், மனுசன் பாயோட பாய்! பவானி ஜமுக்காளத் தறிக்குழியில குனிஞ்சே கிடக்கற நெசவாளிக்கு ஸ்கேன் காசும் போச்சு, படுத்த நாள் கூலியும் போச்சு.

ஏனுங்க, வலியே இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணின ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தாங்க. 20 வயசுலயே 100-க்கு 30 பேருக்குப் பிதுக்கம், 80 வயசுல 84 பேருக்கு! நரைமுடி மாதிரிதானுங்க இதுவும். கால் வரைக்கும் இழுக்கற சயாட்டிகாவே முக்காவாசிப் பேருக்குச் சில வாரத்துல தணிய ஆரம்பிக்கும். நடமாட்டத்தை விடாதீங்க, எடுத்ததும் ஸ்கேன் வேண்டாம்னு பிரிட்டன் அரசோட மருத்துவ வழிகாட்டி 2016-லயே சொல்லியாச்சு. நரம்பு மாத்திரைன்னு தர்ற பிரிகாபலினும் சயாட்டிகாவுக்கு வேண்டாம்னு 2020-ல் சேர்த்தாங்க. (சாப்பிட்டுட்டு இருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டுக் குறைங்க.)

ஆனா ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டாலோ, உக்கார்ற இடம் மரத்தாலோ, பாதம் தூக்க வராமப் போனாலோ அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அப்ப ஸ்கேன் அவசியம்.