ஊசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயா?

"ஊசியெல்லாம் முடியட்டும், பிறகு வெளியில கொண்டு போகலாம்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஊசிகள் 16 கிழமை வரை இழுக்கும். நாய்க்குட்டி புதியவற்றைப் பயமில்லாமல் பழகும் காலமோ கிட்டத்தட்ட 14 கிழமையோடு முடிந்துவிடும். பிறகு வருந்திப் பயனில்லை.

நிலத்தில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். ஸ்கார்பரோவில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றாலே பஸ் இரைச்சல், சக்கர நாற்காலி, தலைப்பாகை, குடை எல்லாம் பார்த்துவிடும். வருகிறவர்கள் எல்லாரும் தடவ வேண்டியதில்லை. குட்டி முகத்தைத் திருப்பினால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

எங்கள் குட்டி சாறியைக் கண்டு வெருண்டது. அம்மம்மாவுக்கோ நாய் என்றாலே பயம். இரண்டு பேரையும் நாங்கள் வற்புறுத்தவில்லை. நாலாம் நாள் அம்மம்மா தானாகவே ஒரு துண்டு பிஸ்கற்றை நிலத்தில் போட்டா.