கடத்தலுக்குப் பெயர் காதலா?



போன வாரம் நம் செஞ்சி குழுவில் ஒருவர் குணா குகைப் படத்தைப் போட்டு, "காதலின் கோயில்" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு இதயம் போட்டீர்கள். டீச்சர் மட்டும் ஏன் போடவில்லை என்று கேட்டீர்கள். (ராஜகிரிக் கோட்டைச் சுவரில் அம்பு விட்ட இதயம் கிறுக்கியதற்கு உங்களை முட்டி போட வைத்தவள் நான். காரணம் அதுவல்ல.)

2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததிலிருந்து எல்லோருக்கும் 'குணா' ஞாபகம் வந்துவிட்டது. 1991 தீபாவளிக்கு வந்த படம். கமலின் நடிப்பிலோ இளையராஜாவின் இசையிலோ நான் குறை சொல்லவில்லை. திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, பஸ் செஞ்சி வந்து சேரும்வரை அழுதவள் நான். யாருக்காக? குணாவுக்காக.

கதையை அந்தப் பெண் பக்கமிருந்து சொல்லிப் பாருங்கள். சொத்துள்ள வீட்டுப் பெண் ரோகிணி. முன்பின் தெரியாத ஒருவன் அவளைக் கொண்டுபோய் மலையில் வைத்துக்கொண்டு, நீ அபிராமி என்கிறான். பேர்கூட அவளுக்கு மிஞ்சவில்லை. கடைசியில் அவள் மனம் இளகியதும் நமக்கு நிம்மதி. அவன் மனநோயாளி, அவனுக்குத் தெரியாது என்பீர்கள். சரி. கைதட்டிய நமக்குமா தெரியாது?

அமெரிக்காவில் 1974-இல் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் பேத்தி பாட்ரிஷியாவை ஓர் ஆயுதக் கும்பல் கடத்தியது. வயது 19. கண்ணைக் கட்டி அலமாரி அறைக்குள் அடைத்தார்கள். இரண்டரை மாதத்துக்குள் 'டானியா' என்ற புதுப் பெயரோடு அதே கும்பலுடன் வங்கிக் கொள்ளையில் துப்பாக்கியோடு நின்றாள். அங்கே அவளையே சிறையில் போட்டார்கள். இங்கே நாம் மாலை போடுகிறோம். அடைபட்டவள் வேறென்ன செய்வாள் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

கடத்தல் படமே கூடாது என்று சொல்லவில்லை. 2013-இல் சின்னச் செலவில் வந்த 'சூது கவ்வும்' பார்த்து நானும் சிரித்தேன். அதில் கடத்துகிறவனை யாரும் தெய்வமாக்கவில்லை.

தொண்ணூறுகளில் என்னிடம் பத்தாவது படித்த ஒரு பெண். கணக்கில் அவள்தான் முதல். பின்னாலேயே சுற்றிய ஒருவன், பள்ளி விட்டு வந்தவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். "அவனுக்கே கட்டி வச்சிடலாம், பையன் உசுரா இருக்கான்" என்றார்கள் பெரியவர்கள். அவள் அம்மா என் வீட்டுக்கு வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்று அழுதார். கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் பத்தாண்டு வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டம் 366-ஆவது பிரிவில் அன்றைக்கே இருந்தது. நான் சொன்ன வார்த்தை, "ஆசைப்பட்டுத்தானேம்மா செஞ்சான்."

பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் ஹால் டிக்கெட் வாங்க வரவே இல்லை. நம் குழுவிலும் அவள் இல்லை.

தம்பி, குகைப் படம் இருக்கட்டும். மேலே எழுதியிருக்கிற அந்த வரியை மட்டும் எடுத்துவிடு.

உங்கள் டீச்சர்