காலையில் விபத்து, மாலையில் காப்புறுதி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை. நான்காம் படிவ இயற்பியல் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் என் மேசை அருகே தயங்கி நின்றான். சனிக்கிழமை காலையில் அவனுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் போய், சாலையோரம் நின்ற ஒரு காரின் கதவில் மோதிவிட்டார். நல்ல வேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மோட்டார் சைக்கிளின் காப்புறுதி மூன்று நாள்களுக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அன்று மாலையே அப்பா பணம் கட்டிப் புதுப்பித்துவிட்டார்.

"எல்லாம் ஒரே நாள்தானே டீச்சர்? அப்புறம் ஏன் இழப்பீடு கிடையாது என்கிறார்கள்?"

கதவைச் சரிசெய்த செலவை அக்குடும்பம் தவணை முறையில் கட்டி முடித்தது. அன்று மணி அடித்துவிட்டதால் அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன், மாணவர்களே. ஏனென்றால், மலேசியச் சட்டப்படி 16 வயதில் நீங்கள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். 17 வயதில் கார் உரிமம் எடுக்கலாம். இந்தக் கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டுவதற்கு முன் ஆறு விழும் நிகழ்தகவு 1/6. உருட்டி, ஆறு விழுந்ததைப் பார்த்த பிறகு அந்த நிகழ்தகவு 1. நடந்து முடிந்ததில் ஐயத்துக்கு இடமில்லை. காப்புறுதி என்பது ஐயம் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் ஏற்பாடு.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். 1,000 பேர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். ஓராண்டில் அவர்களில் 20 பேருக்கு விபத்து நேரும், ஒவ்வொரு விபத்துக்கும் 5,000 ரிங்கிட் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 100,000 ரிங்கிட். ஆளுக்கு 100 ரிங்கிட் போட்டால் போதும். அந்த 20 பேர் யார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால்தான் 1,000 பேரும் பணம் போடுகிறார்கள். விபத்து நடந்த பிறகு கட்டினாலும் செல்லும் என்றால் என்ன ஆகும்? விழுந்தவர் மட்டும்தான் கட்ட வருவார். 20 பேரின் 2,000 ரிங்கிட்டில் 100,000 ரிங்கிட் செலவை எப்படிச் சமாளிப்பது?

ஆகவே வாகனக் காப்புறுதியில் முதலில் சந்தா, பிறகுதான் பாதுகாப்பு. ஆவணத்தில் எந்தத் தேதி, எந்த நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்தக் கணத்தில்தான் அது தொடங்கும். பின்தேதியிட முடியாது. முடிந்த காப்புறுதியைப் புதுப்பிக்க ஒரு நாள் தாமதமானாலும், அந்த ஒரு நாள் பாதுகாப்பில்லாத நாள்தான். சனிக்கிழமை மாலை கட்டிய பணம் சனிக்கிழமை காலையைக் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. காப்புறுதி நடப்பில் இருந்தாலும், உரிமம் இல்லாதவர் ஓட்டினால் அது கைகொடுக்காது. வழக்கமான ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனை இருக்கும். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுக்கும் 15 வயது மாணவனுக்கு அந்தப் பாதுகாப்பு தொடங்கவே இல்லை.

இனி, உங்களில் சிலருக்குக் கோபம் வரக்கூடிய பகுதிக்கு வருவோம். காப்புறுதித் துறையின் பார்வையில் இளம் ஓட்டுநர்கள் அதிக ஆபத்துப் பிரிவினர். 2017 ஜூலை 1 முதல் நம் நாட்டில் முழுமையான காப்புறுதிக்கான சந்தாவை, ஓட்டுநரின் வயது உள்ளிட்டவற்றைப் பார்த்து நிறுவனங்களே நிர்ணயிக்கலாம். 21 வயதுக்குக் குறைந்தவரோ, உரிமம் பெற்று ஈராண்டு ஆகாதவரோ காரை ஓட்டி விபத்து நேர்ந்தால், அந்தக் காரின் பழுதுச் செலவில் முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது வழக்கமான விதி.

"நான் கவனமாகத்தான் ஓட்டுவேன். யாரோ வேகமாக ஓட்டியதற்கு நான் ஏன் அதிகம் கட்ட வேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. புள்ளிவிவரம் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. அவளைத் தனியாக அதற்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணிப்பு வெறும் தப்பெண்ணம் அன்று என்பதே என் கருத்து.

திட்டமிடுவதற்கும் உந்துதலை அடக்குவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி, 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2005இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைப் பதின்ம வயதினரிடமும் பெரியவர்களிடமும் கொடுத்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்ம வயதினர் தனியாக இருந்ததைவிட அதிகம் துணிந்து ஆபத்தைத் தேடினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. பின் இருக்கையில் நண்பன் உட்கார்ந்ததும் கைப்பிடியை முறுக்கத் தோன்றுகிறதா? அது உங்கள் வயதின் இயல்பு. இயல்பு என்று தெரிந்துகொண்டவர்தான் அதற்கு எதிராகத் தயாராக முடியும்.

இயற்பியலும் சலுகை காட்டாது. அளவுகோல் விழும்போது பிடிக்கும் சோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்திருப்பீர்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 விநாடி. ஆனால் அங்கே அளவுகோல் விழப்போவது உங்களுக்குத் தெரியும். சாலையில் எதிர்பாராமல் ஒரு கார்க் கதவு திறந்தால், ஒரு விநாடியே ஆகிவிடலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் நீங்கள் 20 மீட்டர் போய்விடுவீர்கள், பிரேக்கைத் தொடாமலே.

நிறுவனம் வைக்கும் பெயர் நிரந்தரம் அன்று. ஈராண்டு 'பி' உரிமக் காலத்தைத் தாண்டுங்கள். இழப்பீடு கோராமல் ஓராண்டு ஓட்டினால், அடுத்த ஆண்டு கார்ச் சந்தாவில் 25 விழுக்காடு கழிவு கிடைக்கும். அது 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும். மோட்டார் சைக்கிளுக்கு உச்சம் 25 விழுக்காடு. அந்த மாணவியின் கவனத்தை நிறுவனம் இப்படித்தான் மெதுவாக அறிந்துகொள்ளும்.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. காப்புறுதி பற்றிய பாடம் நம் பாடத்திட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஐந்தாம் படிவக் கணிதத்தில். உரிமம் எடுக்கும் வயதோ நான்காம் படிவத்திலேயே வந்துவிடுகிறது. மாணவன் ஓராண்டு சாலையில் ஓட்டிய பிறகுதான் பாடம் அவனைத் தேடி வருகிறது. இதை நான்காம் படிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை என்னைப் போன்ற அறிவியல் ஆசிரியர்கள் விசையும் இயக்கமும் நடத்தும்போது ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். தேர்வில் வராதே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சாலையில் வருகிறது.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே வீட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் வாகனத்தின் காப்புறுதி எந்தத் தேதியில் முடிகிறது? அது மூன்றாம் தரப்புக்கு மட்டுமா, நம் வாகனத்துக்கும் சேர்த்தா? யார் ஓட்டினால் அது செல்லும்? முடியும் தேதியை உங்கள் கைப்பேசியில் இரண்டு வாரம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். அன்று அந்த அண்ணனின் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் செய்திருந்தால், கதவுச் செலவை அக்குடும்பம் தவணை தவணையாகக் கட்ட வேண்டி வந்திருக்காது.