முதலில் வேலை, அப்புறம் விசா!



நம் கல்லூரியில் நாலு பேர் கூடி நின்றால் பேச்சு எங்கே போகும்? "மச்சான், டிப்ளமோ முடிச்சதும் சிங்கப்பூர்தான்டா" என்பான் ஒருவன். "துபாய் போனா மூணே வருஷத்துல மாடி வீடு கட்டிடலாம்" என்பான் இன்னொருவன். வெளிநாட்டுக்காரர்கள் மன அமைதி தேடி நம் ஊர் ரமணாசிரமத்துக்கு வருகிறார்கள். நாமோ சம்பளம் தேடி வெளிநாடு போக நினைக்கிறோம். அதில் தப்பே இல்லை. போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எப்போது போவது, கையில் எதை வைத்துக்கொண்டு போவது என்பதுதான் என் கேள்வி.

இந்திரா நூயியை எடுத்துக்கொள்வோம். 2006 முதல் 2018 வரை பெப்சி கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1955-ல் மெட்ராஸில் பிறந்தவர். ஒரு நாள் பிளேன் ஏறினார், பெரிய ஆள் ஆகிவிட்டார் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அவர் போன வரிசையைப் பாருங்கள். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம். 1976-ல் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் நிர்வாகப் படிப்பு. அப்புறம் இந்தியாவிலேயே ஒரு ஜவுளிக் கம்பெனியிலும், ஜான்சன் அண்ட் ஜான்சனிலும் வேலை. 1978-ல்தான் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே செலவுக்கு ராத்திரி ஷிஃப்டில் ரிசப்ஷனிஸ்ட் வேலை பார்த்தார்.

1980-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் சேர்ந்தார். மேனேஜ்மென்ட் கன்சல்டிங் என்றால் பல கம்பெனிகளின் சிக்கலை உள்ளே போய் ஆராய்ந்து, இப்படிச் செய்யுங்கள் என்று யோசனை சொல்லும் தொழில். அதில் ஆறு வருடம் இருந்தார். பிறகு மோட்டோரோலா, ஏ.பி.பி. என்று போய், 1994-ல்தான் பெப்சிக்கு வந்தார். ஒவ்வொரு படியிலும் முந்தின படியில் கற்றது கையில் இருந்தது. அதுதான் திட்டம்!

"அவங்க படிச்ச குடும்பம்டா, நமக்கு எப்படி ஒத்து வரும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்த பேப்பரில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக் கூடாது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன். அவர் போன பாதை நமக்கு இல்லாமல் இருக்கலாம். அந்த வரிசை நமக்குத்தான் அதிகம் தேவை. வசதி உள்ளவன் தடுக்கி விழுந்தால் தூக்கி விட ஆள் உண்டு. நமக்கு?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் டிப்ளமோ முடித்த கையோடு வளைகுடாவுக்குப் போனார். டெக்னீஷியன் வேலை என்றார் ஏஜெண்டு. அம்மா நகை அடகுக்குப் போனது. நிலத்தின் மேலும் கடன் ஏறியது. அங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஹெல்ப்பர் வேலை என்று. இரண்டு வருடச் சம்பளம் கடனுக்கே சரியாய்ப் போனது. திரும்பி வந்து இங்கே கம்பெனிகளில் கேட்டால், "மெஷின்ல அனுபவம் இருக்கா?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வார்? பணத்தைக்கூட மறுபடி சம்பாதித்து விடலாம். படித்த படிப்பு கை விட்டுப் போனதை எப்படி மீட்பது?

இதில் நம்மில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அங்கே அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். பத்தாவது தேறிய நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. இதைப் பெருமையாக நினைக்கிறோம். ஆனால் நம் ஒப்பந்தத்தை வேறு யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை, நாமேதான் படிக்க வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம்!

ஆகவே என் யோசனை இதுதான். டிப்ளமோ முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ம் வருடச் சட்டப்படி நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு. பிறகு ஸ்ரீபெரும்புதூரோ ஓசூரோ, இரண்டு மூன்று வருடம் ஷாப் ஃப்ளோரில் வேலை. கன்சல்டிங்கில் இருப்பவர் பல கம்பெனிகளின் சிக்கலைப் பார்த்துக் கற்கிறார். நாம் ஒரு மெஷின் ஏன் நிற்கிறது என்று பார்த்துக் கற்போம். அனுபவச் சான்றிதழை ஒழுங்காக வாங்கி வைப்போம். பேசும் அளவுக்கு ஆங்கிலம் பழகுவோம். மேலே படிக்க ஆசை இருந்தால், பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது.

அப்புறம் வெளிநாடு. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. 1983-ம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று பார்க்க வேண்டும். அவர் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். லட்சக் கணக்கில் கேட்டால் எழுந்து வந்து விடுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பவென்றே தமிழக அரசு 1978-ல் தொடங்கிய நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிப்போம்.

"இதெல்லாம் செய்யறதுக்குள்ள வயசாயிடும்டா" என்கிறான் என் நண்பன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்று வயதுதான் ஆகும். இந்திரா நூயி யேலுக்குப் போனபோது அவருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான்!

பௌர்ணமிதோறும் எத்தனையோ பேர் நம் மலையைச் சுற்றி வருகிறார்கள். பதினாலு கிலோமீட்டர். ஓடி வருகிறவனும் உண்டு, நிதானமாய் நடக்கிறவனும் உண்டு. ராஜகோபுரத்தை மறுபடி பார்க்கிறவன் பெரும்பாலும் நிதானமாய் நடந்தவன்தான். ஓடியவன் பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நண்பர்களே, போவோம். கட்டாயம் போவோம். அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து அல்ல, கையில் தொழிலை வைத்துக்கொண்டு போவோம்!