சிஎஃப்ஏ-வில் கஷ்டமான சப்ஜெக்ட் டெரிவேட்டிவ்ஸ் இல்லைங்க!

சிஎஃப்ஏ லெவல் 1 படிக்கப் போறேன்னு சொன்னாலே, "டெரிவேட்டிவ்ஸ் ரொம்ப கஷ்டமாமே?"ன்னுதான் கேட்கிறாங்க. அதோட வெயிட்டேஜ் 5 முதல் 8 சதவீதம்தான். எத்திக்ஸுக்கு 15 முதல் 20! ஆனா அதைத்தான் "கதை மாதிரி இருக்கு, கடைசி வாரம் பார்த்துக்கலாம்"னு தள்ளி வைக்கிறாங்க.

என்னைக் கேட்டா, கஷ்டமே எத்திக்ஸ்தான். ஒரு கிளையன்ட் போர்ட்ஃபோலியோ மேனேஜருக்குப் பரிசு கொடுக்கிறார். முடிஞ்ச வேலைக்கு நன்றின்னா, ஆபீஸ்ல சொல்லிட்டு வாங்கிக்கலாம். "அடுத்த வருஷமும் நல்ல லாபம் காட்டினா தர்றேன்"னா, சம்பந்தப்பட்ட எல்லார்கிட்டயும் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கணும். ஒரு வரியில பதிலே மாறுது. மொத்தம் 180 கேள்வி, நாலரை மணி நேரம். ஒரு கேள்விக்கு 90 விநாடி. மூணு ஆப்ஷனும் நியாயமாத்தான் தெரியும். இதுக்கு ஃபார்முலாவும் கிடையாது.

அடுத்தது ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ், 11 முதல் 14 சதவீதம். இன்ஜினியரிங் முடிச்சவங்களுக்கு டெஃபர்டு டாக்ஸ் தலை சுத்தும். பி.காம். ஆளுங்களும் அலட்சியமா இருக்காதீங்க. நம்ம இண்ட்-ஏஎஸ்ல இல்லாத லைஃபோ அமெரிக்க முறையில இருக்கு, அதையும் கேட்பாங்க.

வேலைக்குப் போயிட்டே படிக்கிறவங்களுக்குக் கையில இருக்கிறது சனி, ஞாயிறுதான். எத்திக்ஸ் கேள்விகளை முதல் மாசத்துலயே ஆரம்பிங்க, ஆபீஸ் போற பஸ்லயே தினமும் பத்து போடலாம். டெரிவேட்டிவ்ஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்.