பாசிக்கு மருந்து வேண்டாம், கணக்கு போதும்

உப்புத்தண்ணீர் தொட்டி வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் பாசிப் புலம்பல் வந்துவிடும். பவளம் வளர்க்க ஆசைப்பட்டு பச்சைக் கம்பளம் வளர்த்துக் கொண்டிருப்பார்கள் :) உடனே கடைக்கு ஓடி ஒரு பாட்டில் பாசி மருந்து வாங்குவார்கள். அது தண்டச் செலவு என்பது என் கட்சி.

நான் பி.காம் படிக்கிறவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பாசி என்பது தொட்டியின் ஐந்தொகை. உள்ளே வந்த நைட்ரேட், பாஸ்பேட்டில் வெளியே போனது போக மீதியைப் பச்சை மையில் எழுதிக் காட்டுகிறது. மருந்து ஊற்றினால் பாசி சாகும், அழுகும், அது தின்ற சத்து மறுபடி தண்ணீரிலேயே கலக்கும். ஆக்சிஜனும் குறையும். சில பிடிவாதப் பாசிகளுக்கு மருந்து கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் வரவை அடைக்காவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த பாசி வரும்.

முதலில் வரவைப் பாருங்கள். எங்கள் ஒரகடம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். உப்பு கலக்கவும், ஆவியாகிக் குறைந்ததை நிரப்பவும் ஆர்ஓ தண்ணீரே வேண்டும். ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு வேளைத் தீனியை ஒரே வேளையில் கொட்டக் கூடாது. விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

செலவுப் பக்கம் ஸ்கிம்மர், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது, பாசியைக் கையால் பிடுங்கி வெளியே போடுவது. நத்தை மேயும், ஆனால் மேய்ந்ததில் பெரும்பகுதி கழிவாகத் தண்ணீருக்கே திரும்பும். அதற்காக மீதியைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கி விடாதீர்கள், பவளத்துக்கும் கொஞ்சம் சத்து வேண்டும்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற கூத்து. கடலிலும் நடந்திருக்கிறது. மண்டபம் பகுதியில் வருமானத்துக்காக வளர்த்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிடுங்கினாலும் விட்டுப்போன துண்டிலிருந்து திரும்ப முளைக்கிற ஜாதி அது. காரணம் வேறு, பாடம் ஒன்றுதான்: உள்ளே விடும் முன் யோசிக்க வேண்டும்.

செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பவளப்பாறைகளைக் கட்டும் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நம் கடலிலிருந்து எடுப்பதே குற்றம். இதில் விளையாட்டு வேண்டாம்.

மருந்து பாட்டில் வாங்கும் காசில் ஒரு நோட்டு வாங்குங்கள். போட்ட தீனி, மாற்றிய தண்ணீர், டெஸ்ட் கிட் காட்டிய எண், மூன்றையும் இரண்டு மாதம் எழுதுங்கள். பாசி எங்கிருந்து வருகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். நீங்க என்ன சொல்றீங்க?