மாறும் கருவியும் மாறாத கூலியும்

அச்சுத் தொழிலுக்கும் புதுவை நகருக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. மூசே, துப்புயி என்னும் பாதிரிமார் இருவர் தொகுத்த தமிழ் – பிரெஞ்சு அகராதி 1855ஆம் ஆண்டில் இந்நகரின் மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. 1908இல் பாரதியார் இங்குக் குடிபுகுந்தபின் 'இந்தியா' இதழ் இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. தொகுத்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் நாம் அறிவோம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த தொழிலாளர்களின் பெயர்களை அறியோம். அவர்களின் தொழில்வழி வந்தவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

அச்சுக்கோப்பாளர் எழுத்துப் பெட்டியின் முன் நாள் முழுதும் நின்று, எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துக் கோத்தவர். எத்தனை பக்கம் கோத்தாரோ அத்தனை பக்கத்திற்குக் கூலி என்பது பல அச்சகங்களில் இருந்த வழக்கம். கணினி அச்சகங்களுக்குள் நுழைந்தபோது அந்தப் பெட்டிகள் மூலைக்குச் சென்றன. அவற்றின் இடத்தில் விசைப்பலகையும் அதன்முன் ஓர் இளைஞரும் வந்து அமர்ந்தனர். ஒரு நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மிச்சப்பட்ட நேரம் யாருக்குச் சொந்தமாயிற்று? வேகம் கூடியபோது ஒரு பக்கத்தைச் செய்துமுடிக்கும் நேரம் சுருங்கியது. நேரம் சுருங்கியதைக் காட்டியே பக்கத்திற்குரிய கூலியையும் உயராமல் பிடித்துவைக்க முடிந்தது. கருவியின் பயனைக் கருவிக்கு உடையவர் பெற்றார். கருவியை இயக்கியவர் அதே நாற்காலியில் அதிகப் பக்கங்களைச் செய்தார்.

அம்மாற்றமாவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வந்தது. இன்று நாம் காணும் மாற்றமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாள் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11 குறிப்பிட்ட பாதுகாப்பு வசதிகளைக் கொண்ட கணினிகளையே ஏற்கிறது. எனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் ஒரு நாள் விடிந்ததும் பழையதாக அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

தமிழ்த் தட்டச்சுத் தொழிலில் இருப்பவர்க்கு இங்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனித்தனிக் குறியீட்டைக் கையாண்டது. ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற கோடுகளாகத் தெரிந்தது. 1999இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் பொதுக் குறியீடுகளையும் அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் அச்சக வேலை பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளையே நெடுங்காலம் பற்றி நின்றது. அதன் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அது ஒருங்குறித் தமிழை அறியாதது. ஆகவே இயங்குதளம் மாறும்போது மென்பொருள் மாறுகிறது. மென்பொருள் மாறும்போது எழுத்துரு மாறுகிறது. எழுத்துரு மாறும்போது, பல ஆண்டுகளாக விரல்கள் பழகிய விசையமைப்பும் மாறுகிறது.

இதன் விளைவு என்ன? விரல்கள் தடுமாறும் முதல் மாதத்தில் பக்கங்கள் குறையும். பக்கங்கள் குறைந்தால் கூலி குறையும். பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறி நிற்பதுண்டு. அவற்றை உட்கார்ந்து திருத்தும் நேரத்திற்குக் கணக்கே இல்லை. புதிய கணினியின் விலை செலவுப் பட்டியலில் ஏறுகிறது. அதைக் கற்றுக்கொள்ளத் தொழிலாளி செலவிட்ட இரவுகள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இதற்குத் தீர்வாக லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை அறிஞர் பலர் பரிந்துரைக்கின்றனர். நாமும் அதை வரவேற்கிறோம். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007இல், உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. கேரளம் தன் பள்ளிக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளின்மீது அமைத்தது. ஆனால் கேரளத்தில் மென்பொருள் தனியே போய்ச் சேரவில்லை. ஆசிரியர்களுக்கான பயிற்சியும் உடன் சென்றது. விலையில்லாப் பொருளுக்குச் செலவே இல்லை என்று கருதுவது பிழை. கற்கும் நேரமே அதன் விலை. அவ்விலையைத் தருபவர் யார் என்பதே நம் வினா.

பழையதையே பற்றிக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மாற்றம் தலைவிதி, வாய்மூடி ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லமாட்டோம். இரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதைப் புதுவை மண்ணே காட்டியுள்ளது. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர்நீத்தனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டம் இயந்திரங்களை உடைக்கக் கேட்கவில்லை. இயந்திரத்தின் முன் நிற்கும் மனிதனின் நேரத்திற்கு எல்லையும் உழைப்புக்கு மதிப்பும் கேட்டது. மறு ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அன்று ஓடிய பெரிய ஆலைகள் இன்று மூடிக்கிடக்கின்றன, அவ்வுரிமை நிற்கிறது.

உழைத்தவருக்குரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை நம் பெரியோர்கள் நன்கறிவர். கல்வி தேடுதலைக் கடமையாக்கிய மார்க்கமும் அதுவே. இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தித்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: முதலாளியின் தேவைக்காகத் தொழிலாளி கற்கும் நேரமும் உழைப்பே, அதற்கும் கூலி உண்டு.

அச்சகமோ கடையோ அலுவலகமோ நடத்தும் நம் சமுதாயப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். புதிய கணினி வாங்கத் தொகை ஒதுக்கும்போது, அதைப் பழகும் நாள்களுக்கான ஊதியத்தையும் அதே தொகையில் சேர்த்து ஒதுக்குங்கள். பக்கக் கணக்கில் கூலி பெறுவோருக்கு, கை பழகும்வரை முந்தைய மாதத்தின் வருவாய் குறையாமல் காத்திடுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ஒரு நிறுவனத்தின் ஒரு மென்பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர் அது மறையும்போது வேலையையும் இழப்பார். எந்த இயங்குதளத்திலும் உதவும் அடிப்படைகளைக் கற்றவர் தம் திறமையைத் தம்முடனேயே எடுத்துச் செல்வார். ஒருங்குறியும் தமிழ்99உம் அத்தகையவை. தமிழ்த்துறை மாணவர் யாப்பும் இலக்கணமும் கற்பதோடு இவற்றையும் கற்றே வெளியேற வேண்டும். அதற்குரிய பயிற்சியைத் துறையே அளிக்க வேண்டும்.

ஈய எழுத்து போயிற்று; பேஜ்மேக்கர் போகிறது; இன்று நாம் புதியதென்று போற்றுவதும் ஒரு நாள் போகும். ஒவ்வொரு முறையும் அந்த மாற்றத்தின் செலவு, தாங்க இயலாதவர் தோளிலேயே ஏறுவதுதான் மாற வேண்டும்.